தண்ணீர்போல் பரவும் சன்ஸ்கிரீன்: ஜெல் நீர்த்துப் போகிறது, ஃபிரிட்ஜில் வைத்தால் படிகம்

பொங்கோல்_பூங்கொடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் விற்பதற்காக முகத்துக்கான சன்ஸ்கிரீன் ஒன்றுக்கு ஃபார்முலா போட்டுக்கொண்டிருக்கிறேன். தேய்த்தவுடன் தண்ணீர் விட்டுக் குளிர்ந்து மறைய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுக்கக் கூடாது. நம் நிறத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியவும் கூடாது. அதனால் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு இரண்டையும் தொடவில்லை.

100 கிராமுக்கு இப்போதைய கணக்கு:

நீர் 60.2
கார்போமர் 0.25 (ஜெல்லாக்கும் பாலிமர்)
பெமுலென் டிஆர்-2 0.25 (ஜெல்லாக்கி, எண்ணெயையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் பாலிமர்)
டைசோடியம் இடிடிஏ 0.1
கிளிசரின் 5
என்சுலிசோல் 3 (நீரில் கரையும் புறஊதா ஃபில்டர்)
ட்ரைஎத்தனாலமைன் 1.7 (காரம், பிஎச் 6.2 வரும்வரை)
பெமோட்ரிசினால் 3
எத்தில்ஹெக்சில் ட்ரையசோன் 2.5
டிஎச்எச்பி 4 (இதுவும் மேலுள்ள இரண்டும் எண்ணெயில் கரையும் புறஊதா ஃபில்டர்கள்)
சி12-15 ஆல்கைல் பென்சோயேட் 8
எத்தனால் 8
சிலிக்கா 3
ஃபினாக்சிஎத்தனால் 0.8
எத்தில்ஹெக்சில்கிளிசரின் 0.2

மூன்று சிக்கல். ஒன்று, என்சுலிசோலைத் தனியாக ட்ரைஎத்தனாலமைனில் கரைத்து ஜெல்லில் ஊற்றிய சில நிமிடத்தில் எல்லாம் கஞ்சித்தண்ணியாகிவிடுகிறது. 45 டிகிரி அடுப்பில் வைத்த மாதிரியில் எண்ணெய் மேலே மிதக்கிறது. இரண்டு, 5 டிகிரியில் மூன்று வாரம் வைத்த மாதிரியில் ஊசி ஊசியாகப் படிகம். மூன்று, மாய்ஸ்சரைசர் மேல் போட்டுத் தேய்த்தால் சின்னச் சின்னத் துணுக்காக உருண்டு வருகிறது.

பாலிமரைக் கூட்டிப் பார்க்கலாமா, அல்லது அடிப்படையே தவறா?


பால்மக்காரன் எழுதியது:

பாலிமரைக் கூட்டாதீர்கள். மூன்றாவது சிக்கல்தான் பெரிதாகும்.

முதல் சிக்கலின் காரணம் உப்பு. கார்போமரும் பெமுலெனும் கெட்டியாவது எப்படி? காரம் சேர்த்ததும் பாலிமர்ச் சங்கிலியில் எதிர்மின்னூட்டம் வருகிறது. ஒன்றையொன்று தள்ளி, சங்கிலி விரிந்து, நீரைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே உப்பு வந்தால் அந்தத் தள்ளுவிசை மறைக்கப்பட்டு, சங்கிலி சுருண்டுவிடும். நியூட்ரலைஸ் செய்த என்சுலிசோல் முழுக்க முழுக்க ஓர் உப்பு. அதன் மூலக்கூறு எடை 274.3. 100 கிராமில் 3 கிராம் என்றால் ஏறத்தாழ 10.9 மில்லிமோல். மோல் கணக்கில் அது சோற்றுப்பு 0.64 விழுக்காடு போட்டதற்குச் சமம். கார்போமர் ஜெல்லில் அவ்வளவு உப்பைப் போட்டு யாரும் கெட்டித்தன்மையை எதிர்பார்க்க மாட்டார்கள். உங்கள் ஃபார்முலாவில் எமல்ஷனை, அதாவது நீரில் எண்ணெய்த் துளி கலந்து நிற்பதை, தாங்குவதும் அதே பாலிமர்தான், வேறு எமல்சிஃபையர் இல்லை. அதனால்தான் ஜெல் சரிந்ததோடு எண்ணெயும் பிரிகிறது.

இப்போது, நீங்கள் தேடும் தண்ணீர் உணர்வு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீரின் அளவைக் கூட்டி அதை வாங்க முடியாது. பெமுலென் வகை எமல்ஷனில் எண்ணெய்த் துளியைச் சுற்றி ஒரு ஜெல் உறை இருக்கிறது. தோலில் இருக்கும் உப்பு பட்டதும் அந்த உறை உடைந்து, உள்ளே பிடித்து வைத்திருந்த நீர் ஒரே நேரத்தில் வெளியே வருகிறது. விரலுக்கடியில் கிரீம் திடீரென்று நீராகும் அந்தக் கணம் இதுதான். கிண்ணத்திலேயே உப்புப் போட்டு உடைத்துவிட்டால், தோலில் உடைய என்ன மிச்சமிருக்கும்?

ஆகவே என்சுலிசோலை எடுத்துவிடுங்கள் என்பேன். நீர்ப் பகுதியிலும் ஒரு ஃபில்டர் வேண்டும் என்ற உங்கள் யோசனை சரியானது. நீர் உலர்ந்தபின் எண்ணெய்த் துளிகளுக்கு இடையில் விடுபடும் இடங்களையும் அது மூடும். ஆனால் உப்பில்லாத ஒன்றைப் போடுங்கள். டினோசார்ப் எஸ் அக்வா என்பது பெமோட்ரிசினாலை பாலிமெத்தில்மெத்தாக்ரிலேட்டில் பொதிந்து நீரில் கலக்கும்படி செய்த சரக்கு. அதில் செயற்பொருள் 20 விழுக்காடு, ஆகவே 8 கிராம் போட்டால் 1.6 கிராம் பெமோட்ரிசினால். வெள்ளையும் தெரியாது. டினோசார்ப் எம்-உம் நீரில் கலக்கும், செயற்பொருள் 50 விழுக்காடு. ஆனால் அது துகள் வகை. நம் தோலில் 4, 5 கிராமிலேயே மங்கலாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

கிளிசரின் 5 இந்த ஊருக்கு அதிகம். ஈரப்பதம் எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொண்டு தோலில் உட்கார்ந்திருக்கும். பியூட்டிலீன் கிளைக்கால் 3 போதும்.


கிளமெண்டி_கிண்ணம் எழுதியது:

பால்மக்காரன் அண்ணன் சொன்ன காரணம் சரி, தீர்ப்பு மட்டும் கொஞ்சம் அவசரம். என்சுலிசோல் மலிவு, புறஊதாக் கதிரின் யூவிபி பகுதியில் நல்ல வேலைக்காரன், எண்ணெய்ப் பகுதியின் சுமையையும் குறைக்கும். உப்பு தாங்கும் பாலிமர் போட்டால் அதை வைத்துக்கொள்ளலாம். பாலிஅக்ரிலேட் கிராஸ்பாலிமர்-6, அதாவது செபிமாக்ஸ் ஜென், 0.8 முதல் 1.2 வரை. கூடவே சாந்தன் கம் 0.1. அரிஸ்டோஃப்ளெக்ஸ் ஏவிசி என்ற பாலிமருக்குப் போகாதீர்கள். பிஎச் மாற்றத்தை அது தாங்கும், உப்பைத் தாங்காது. பலரும் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

பூங்கொடி, உங்கள் படிகம் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டு இடத்திலிருந்தும் வரக்கூடிய ஃபார்முலா இது.

நீர்ப் பக்கம்: 3 கிராம் என்சுலிசோலை முழுதாக உப்பாக்க ட்ரைஎத்தனாலமைன் 1.63 கிராம் வேண்டும். நீங்கள் போட்டதே 1.7. அதில் கார்போமருக்கும் பெமுலெனுக்கும் என்ன கிடைத்திருக்கும்? அவை இரண்டும் சேர்ந்து 0.5 கிராம், அதற்குக் கிட்டத்தட்ட அதன் எடையில் ஒன்றரை மடங்கு ட்ரைஎத்தனாலமைன் தேவை. காரத்துக்கு இருவரும் போட்டி போட்டு, பிஎச் 6.2-இல் நின்றுவிட்டது. என்சுலிசோல் 7-க்குக் கீழே நிம்மதியாக இருக்காது, அமில வடிவத்துக்குத் திரும்பி ஊசியாக இறங்கிவிடும். 7.2 முதல் 7.5 வரை வைக்க வேண்டும்.

எண்ணெய்ப் பக்கம்: திடமான ஃபில்டர் 9.5 கிராம், கரைக்க இருப்பது 8 கிராம் ஆல்கைல் பென்சோயேட். 80 டிகிரியில் தெளிவாகக் கரைந்துவிடும், ஏமாற்றுவதே அதுதான். ஆறினால் வெளியே வரும். ட்ரையசோனும் பெமோட்ரிசினாலும் முதலில் வரும் ஆட்கள். டிஎச்எச்பி 54 டிகிரியிலேயே உருகும், எஸ்டரில் நன்றாகக் கரையும், அது அவ்வளவு தொல்லை தராது.

கண்டுபிடிக்கும் வழி: கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு மாதிரியை வையுங்கள். மைக்ரோஸ்கோப்பில் ஒளிக்குக் கீழே ஒரு போலரைசிங் ஃபிலிம், கண்ணருகே இன்னொன்று, இரண்டையும் குறுக்காகத் திருப்புங்கள். பின்புலம் கறுக்கும். எண்ணெய்த் துளி தெரியாது, சிலிக்காவும் தெரியாது, படிகம் மட்டும் பளிச்சென்று மின்னும். இப்போது ஓரத்தில் ஒரு சொட்டு 10 விழுக்காடு டிரோமெதமைன் (இன்னொரு காரம்) கரைசலை விடுங்கள். ஊசிகள் கரைந்து மறைந்தால் அது என்சுலிசோல். மறையாவிட்டால் இன்னொரு தகட்டில் டைபியூட்டைல் அடிபேட் (எண்ணெய்க் கரைப்பான்) ஒரு சொட்டு விட்டு, மெல்லச் சூடு காட்டுங்கள். அதில் கரைந்தால் எண்ணெய் ஃபில்டர். ஊசி வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டுமே ஊசியாக வரும்.

ட்ரைஎத்தனாலமைனைப் பற்றி இன்னொன்று. பிஎச் 7.2-க்குப் போக அது ஏறத்தாழ 2.4 கிராம் ஆகும். கழுவாமல் விடும் பூச்சுகளில் 2.5 தான் உச்சம். அவ்வளவு ஓரத்தில் போய் நிற்க வேண்டாம். டிரோமெதமைனுக்கு மாறினால் 3 கிராம் என்சுலிசோலுக்கு 1.33 கிராம். சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் 0.44 கிராம், ஆனால் அரை சொட்டு கூடினாலும் பிஎச் எகிறிவிடும்.


பால்மக்காரன் எழுதியது:

கிண்ணம், படிகச் சோதனை அருமை. ஆனால் உப்பு தாங்கும் பாலிமர் என்ற இடத்தில் ஒரு விஷயம் நழுவுகிறது. கிண்ணத்தில் உப்பைத் தாங்குவது தோலிலும் தாங்கும். அதாவது உடையாது. ஜென் போட்டால் மெத்தென்ற, வழுக்கும் ஜெல் கிடைக்கும். மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பூங்கொடி கேட்கும் ‘தண்ணீர் விடுவது’ கிடைக்காது. 1 விழுக்காட்டுக்கு மேல் போனால் மாய்ஸ்சரைசர் மேல் உருளுவதும் கூடும்.

என்சுலிசோலை 1 கிராமாகக் குறைத்துப் பெமுலெனோடு வைக்கலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். 1 கிராமே 0.2 விழுக்காடு சோற்றுப்புக்கு இணை. பெமுலெனுக்கு அதுவும் அதிகம்.

பிஎச் 7-க்கு மேல் வைத்தால் பதனப்பொருள் தேர்வும் சுருங்கிவிடும். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் எல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது. இங்கே ஃபினாக்சிஎத்தனால் இருப்பதால் பாதகமில்லை, ஆனால் பின்னால் ‘ஃபினாக்சி இல்லாத’ என்று லேபிள் போட ஆசை வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

எண்ணெய்ப் பகுதியைத் திரும்பக் கட்டுவது முக்கியம். சும்மா கரைப்பானைக் கூட்டினால் எண்ணெய்ப் பசைதான் கூடும். திரவமாக இருக்கும் ஒரு ஃபில்டரைக் கொண்டுவாருங்கள், அது தானும் வேலை செய்து மற்றதையும் கரைக்கும். எத்தில்ஹெக்சில் சாலிசிலேட் 5 கிராம், அதுவே அனுமதித்த உச்சமும்கூட. ஆக்டினாக்சேட் இன்னும் நல்ல கரைப்பான். ஆனால் ஹவாயிலும் பலாவ் தீவு நாட்டிலும் அதற்குத் தடை இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் லேபிளைப் புரட்டிப் பார்க்கும் காலம் இது, எதற்கு வம்பு? மீதிக்கு டைபியூட்டைல் அடிபேட். காய்ந்த உணர்வு, நல்ல கரைப்பான்.

நான் போடும் கணக்கு இது, 100 கிராமுக்கு:

அ) நீர் 53.15, இடிடிஏ 0.05, பியூட்டிலீன் கிளைக்கால் 3, பெமுலென் டிஆர்-2 0.3
ஆ) எத்தில்ஹெக்சில் சாலிசிலேட் 5, டைபியூட்டைல் அடிபேட் 6, சி12-15 ஆல்கைல் பென்சோயேட் 3, டிஎச்எச்பி 3.5, பெமோட்ரிசினால் 2.5, எத்தில்ஹெக்சில் ட்ரையசோன் 2
இ) டிரோமெதமைன் 10 விழுக்காட்டுக் கரைசல் 3 (பிஎச் 6.5 முதல் 7 வரை, கூடக்குறைய ஆகலாம்)
ஈ) டினோசார்ப் எஸ் அக்வா 8
உ) எத்தனால் 8, ஃபினாக்சிஎத்தனால் 0.8, எத்தில்ஹெக்சில்கிளிசரின் 0.2
ஊ) சிலிக்கா 1.5

கார்போமரை எடுத்துவிட்டேன். பாலிமர் குறைந்தால் உருளுவது குறையும். சிலிக்காவையும் பாதியாக்கிவிட்டேன். 3 கிராம் சிலிக்கா எண்ணெயை உறிஞ்சி, பாலிமர் படலத்தோடு சேர்ந்து, தேய்க்கும்போது துணுக்காகிறது. உருளுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி அடியில் போடும் மாய்ஸ்சரைசர். சிலிக்கோன் கூடிய மாய்ஸ்சரைசர் மேல் எந்த நீர் ஜெல்லும் சரியாக ஒட்டாது.

இதை எமல்ஷனாக்கும் முன்பே ‘ஆ’ பகுதியை மட்டும் 20 கிராம் செய்து, கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ஆறியதும் ட்ரையசோன் தூள் ஒரு சிட்டிகையில் பாதி போட்டு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். விதைப்படிகம் இருந்தும் இரண்டு வாரத்தில் புதிதாக எதுவும் வளரவில்லை என்றால் எண்ணெய்ப் பகுதி தாங்கும். விதை போடாமல் வைத்தால் தெளிவாகவே நின்று உங்களை நம்பவைத்துவிட்டு, மூன்றாம் மாதம் கடையில் காலை வாரும்.


விதிப்புத்தகம் எழுதியது:

ஃபார்முலா பேச்சுக்கு நடுவே இதையும் சொல்லிவைக்கிறேன், விற்கப் போவதால்.

சிங்கப்பூரில் சன்ஸ்கிரீன் அழகுசாதனப் பொருளாகத்தான் வருகிறது. விற்பனைக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்தில் அறிவிப்புப் பதிய வேண்டும். ஃபில்டர்களும் அளவுகளும் ஆசியான் அழகுசாதன ஒழுங்குமுறையின் ஏழாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. மேலே பேசியவற்றுக்கு: பெமோட்ரிசினால் 10, டிஎச்எச்பி 10, எத்தில்ஹெக்சில் ட்ரையசோன் 5, எத்தில்ஹெக்சில் சாலிசிலேட் 5, என்சுலிசோல் அமிலக் கணக்கில் 8, எல்லாம் விழுக்காட்டில். பெமோட்ரிசினாலை இரண்டு வடிவத்தில் போட்டால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பால்மக்காரன் கணக்கில் 2.5-உம் 1.6-உம் சேர்ந்து 4.1.

எஸ்பிஎஃப் (வெயில் காப்பு) எண்ணைக் கணக்குப் போட்டு லேபிளில் அடிக்க முடியாது. ஃபில்டர் நிறுவனங்கள் இணையத்தில் வைத்திருக்கும் சிமுலேட்டர்கள் இரண்டு ஃபார்முலாவில் எது மேல் என்று பார்க்க நல்லவை. அவை உங்கள் எமல்ஷன் தோலில் எப்படிப் படிகிறது என்று அறியாது. தண்ணீர் ஜெல்லில் அந்த இடைவெளி பெரியது. நீர்த்த பூச்சு தோலின் மேடுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கும், மேட்டில் படலம் மெலிந்துவிடும். ஒரே ஃபில்டர் சுமை கொண்ட கெட்டிக் கிரீமைவிட எஸ்பிஎஃப் குறைவாக வருவது வழக்கம். மனிதத் தோலில் சோதிக்கும் ஐஎஸ்ஓ 24444 தான் லேபிள் எண்ணுக்கு வழக்கமான ஆதாரம். குறைந்தது பத்துப் பேர், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். புறஊதாவின் இன்னொரு பகுதியான யூவிஏ-வுக்கு ஐஎஸ்ஓ 24443, பிளாஸ்டிக் தகட்டில். பணத்தைத் தோல் சோதனையில் கொட்டும் முன் தகட்டுச் சோதனையில் இரண்டு மூன்று ஃபார்முலாவை வடிகட்டுங்கள்.

அந்த 2 மில்லிகிராம்தான் உங்கள் வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொள்ளும் இடம். முகம் சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.2 கிராம் வேண்டும். நீர்போல் ஓடும் பூச்சில் 0.4 கிராமே முகம் முழுக்கப் பரவிவிடும், போதும் என்று மூடிவிடுவார்கள். பரவும் தன்மை கூடக்கூடப் போடும் அளவு குறையும். ஒரு அழுத்துக்கு 0.3 கிராம் தரும் பம்ப் என்றால் ‘முகத்துக்கு நான்கு அழுத்து’ என்று அட்டையில் பெரிதாகப் போடுங்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் புறஊதாக் குறியீடு நண்பகலில் 11-ஐத் தாண்டும் நாள்கள் இங்கே அபூர்வம் அல்ல. 0.4 கிராமை நம்பி ஒருவர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் ஓட்டப் போவது நியாயமில்லை.


பொங்கோல்_பூங்கொடி எழுதியது:

மிக்க நன்றி. மைக்ரோஸ்கோப்பில் படிகச் சோதனை செய்தேன்: டிரோமெதமைன் சொட்டில் பாதி ஊசிகள் மறைந்தன, மீதி அப்படியே நின்றன. அடிபேட்டும் சூடும் காட்டியதும் அவையும் போயின. ஆக இரண்டு பக்கமும் பழுது. என்சுலிசோலை விடுகிறேன்.

பால்மக்காரன் அண்ணா, செய்முறை வரிசையைச் சொல்ல முடியுமா? எனக்கு ஹோமோஜெனைசர், மேலிருந்து சுழலும் ஸ்டிரர் இரண்டும் இருக்கின்றன. பெமுலென் தூள் நீரில் மீன்கண் மீன்கண்ணாக முடிச்சு விழுகிறது. வியர்வையில் நிற்க ஏதாவது சேர்க்கலாமா? பாட்டிலுக்கு அக்ரிலிக் பார்த்து வைத்திருக்கிறேன், சரியா?


பால்மக்காரன் எழுதியது:

பாட்டிலை முதலில் மாற்றுங்கள். டைபியூட்டைல் அடிபேட்டும் சாலிசிலேட்டும் அக்ரிலிக், பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் எல்லாவற்றையும் மெல்ல மெல்லக் கரைத்து வெடிப்பு விடவைக்கும். பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். வாய் குறுகிய நுனியாக இருக்கட்டும், இந்தக் கெட்டித்தன்மை ஃபிளிப் மூடியில் கசியும். பம்பின் உள் பாகங்கள் எதால் ஆனவை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 45 டிகிரியில் நிரப்பிய பாட்டிலோடு சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணாடிக் குப்பியில் மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

செய்முறை. பெமுலெனுக்கு அவசரம் ஆகாது. நீரை மெதுவாகச் சுழலவிட்டு, தேநீர் வடிகட்டியில் தூளைப் போட்டுத் தட்டித் தட்டி மேற்பரப்பில் தூவுங்கள். பிறகு ஸ்டிரரை நிறுத்திவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், தானாக நனைந்து இறங்கும். முடிச்சு விழுந்தபின் ஹோமோஜெனைசரால் அடித்து உடைக்கப் பார்த்தால் வெளித்தோல் ஜெல்லாகி உள்ளே காய்ந்த தூள் அப்படியே நிற்கும். பொறுமை இல்லையென்றால் தூளை ஆறிய எண்ணெய்ப் பகுதியில் கலந்துவிட்டு, அதை நீரில் ஊற்றலாம். எண்ணெயில் அது வீங்காது, முடிச்சும் விழாது.

‘ஆ’ பகுதியை 80, 85 டிகிரியில் முழுக்கத் தெளியும்வரை கிளறுங்கள். ட்ரையசோன்தான் கடைசியில் கரையும். பாத்திர அடியில் கண்ணாடித் தூள்போல் ஒன்றிரண்டு தெரிந்தாலும் விடக் கூடாது, அந்த ஒன்றிரண்டுதான் பின்னால் விதை. 50-க்கு ஆறவிட்டு, நீர்ப் பகுதியில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே ஸ்டிரரை 1,000 சுற்றுக்கு மேல் ஓட்டுங்கள். இந்தக் கட்டத்தில் பெமுலென் இன்னும் அமில நிலையில் இருக்கும், கலவை நீர்த்த பால்போலத்தான் தெரியும், பயப்படாதீர்கள். ஹோமோஜெனைசர் வேண்டுமென்றால் இங்கேதான், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். காரம் சேர்த்தபின் அதைக் கையால் தொடாதீர்கள். விரிந்த சங்கிலியை அது வெட்டிவிடும், வெட்டியது ஒட்டாது.

பிறகு டிரோமெதமைன் கரைசல், சொட்டுச் சொட்டாக. கெட்டியாக ஆரம்பித்ததும் வேகத்தைக் குறைத்து, துடுப்பு வகை ஸ்டிரருக்கு மாறுங்கள். காற்றுக் குமிழி உள்ளே போனால் இந்த ஜெல்லில் வெளியே வராது. பிஎச் பார்த்து நிறுத்துங்கள். 40-க்குக் கீழே ‘ஈ’. ‘உ’ பகுதியில் மூன்றையும் முன்பே ஒன்றாகக் கலந்துகொண்டு 35-க்குக் கீழே, ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு சேர்க்க வேண்டும். எத்தனாலை ஒரே ஊற்றாக ஊற்றினால் விழுந்த இடத்தில் பாலிமர் சுருங்கி வெள்ளைச் சரமாகத் திரளும், அது திரும்பக் கரையாது. பக்கத்தில் அடுப்பு, தீப்பொறி இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிலிக்கா கடைசியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு.

எத்தனால் சேர்த்ததும் கெட்டித்தன்மை கொஞ்சம் விழும், மறுநாள் பாதி திரும்பி வரும். ஆகவே அன்றைக்கே பார்த்துப் பாலிமரைக் கூட்டாதீர்கள். 24 மணி நேரம் கழித்து, 25 டிகிரியில் அளக்கவும்.

வியர்வைக்கு: எண்ணெய்ப் பகுதியில் விபி/ஹெக்சாடெசீன் கோபாலிமர் 1 கிராம், நீரில் 1 குறைத்து. அது ஃபில்டரோடு சேர்ந்து படலத்தைப் பிடித்து நிறுத்தும், மேட்டில் மெலிவதையும் கொஞ்சம் தடுக்கும். 2 போட்டால் ஒட்டும். இந்த ஃபார்முலாவின் பலமே பலவீனமும்கூட. உப்பில் உடையும் எமல்ஷன், ஏற்கெனவே வியர்த்த நெற்றியில் பூசினால் பரவும் முன்பே உடைந்து, ஃபில்டர் எண்ணெய் புருவம் வழியே கண்ணுக்கு இறங்கும். ‘முகத்தைத் துடைத்துவிட்டுப் பூசவும்’ என்று அட்டையில் இருக்கட்டும்.


கிளமெண்டி_கிண்ணம் எழுதியது:

நீச்சல், ஓட்டம், நாள் முழுக்க வெளிவேலை என்றால் 1 கிராம் கோபாலிமரை நம்பி இந்த ஜெல்லைத் தர வேண்டாம். தனியாக இன்னொரு சரக்கு செய்யுங்கள்: நீரை உள்ளேயும் சிலிக்கோனை வெளியேயும் வைக்கும் எமல்ஷன். அதிலும் தண்ணீர் உணர்வு வரும், வேறு வழியில். தேய்க்கும்போது உள்ளிருக்கும் நீர்த்துளிகள் வெடித்து வெளியே வரும். எமல்சிஃபையர் பெக்-9 பாலிடைமெத்தில்சிலாக்சிஎத்தில் டைமெத்திகோன் 2 கிராமளவில் போதும், கூட்டினால் துளி வெடிக்காது. அங்கே உப்பு எதிரி இல்லை. நீர்ப் பகுதியில் சோற்றுப்பு 0.5 முதல் 1 வரை போடாவிட்டால்தான் எமல்ஷன் நிற்காது. என்சுலிசோல் மேல் இன்னும் ஆசை இருந்தால் போக வேண்டிய இடம் அதுதான்.

எளிதில் ஆவியாகும் சிலிக்கோன் வாங்கும்போது சைக்ளோபென்டாசிலாக்சேனை விடுங்கள். ஐரோப்பாவில் 2027 ஜூன் முதல் கழுவாத பூச்சுகளில் அதற்கு 0.1 விழுக்காடு வரம்பு. பின்னால் ஏற்றுமதி என்று வந்தால் ஃபார்முலாவையே மாற்ற வேண்டியிருக்கும். 1.5 சென்டிஸ்டோக் டைமெத்திகோன் அல்லது ஐசோடோடெக்கேன் போடுங்கள்.

ஜெல்லுக்கே திரும்பினால், மையச்சுழற்சி 3,000 சுற்றில் அரை மணி, ஃபிரிட்ஜுக்கும் 45 டிகிரிக்கும் மாற்றி மாற்றி ஐந்து சுற்று, பிறகு 45-இல் மூன்று மாதம். ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்ப்பதோடு விடாமல் தகட்டில் வைத்துப் போலரைசரில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் படிகம் வரும்போது எஸ்பிஎஃப் எப்போதோ இறங்கியிருக்கும்.


பொங்கோல்_பூங்கொடி எழுதியது:

எண்ணெய்ப் பகுதி மட்டும் 20 கிராம், விதை போட்டு இன்று ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. கோபாலிமர் 1 கிராம் சேர்த்தது ஒரு குப்பி, சேர்க்காதது ஒரு குப்பி. இரண்டு வாரம் கழித்து இங்கேயே எழுதுகிறேன். பாலிபுரோப்பிலீன் பாட்டிலுக்கும் மாதிரி கேட்டிருக்கிறேன்.

விதிப்புத்தகம் அக்கா, பிளாஸ்டிக் தகட்டுச் சோதனைக்குக் கொடுக்கும் மாதிரி எத்தனை நாள் பழையதாக இருக்க வேண்டும்?


விதிப்புத்தகம் எழுதியது:

கட்டாயம் என்று ஒன்றில்லை. ஆனால் கெட்டித்தன்மை நிலைபெறும் முன் கொடுத்தால் தகட்டில் பரவுவது மாறும், எண்ணும் மாறும். ஒரு வாரம் விட்டுக் கொடுங்கள். அதே தொகுதியில் 45 டிகிரியில் ஒரு மாதம் இருந்த மாதிரியையும் கூடவே அனுப்புங்கள். இரண்டு எண்ணும் நெருங்கி இருந்தால் தோல் சோதனைக்குப் போகலாம். விலகினால் பால்மக்காரனிடம் திரும்பி வாருங்கள்.